சூளைமேல் காய்ந்த தூண்டில்

எங்கள் வீட்டுக்கு முதல் தடவை வருகிறவர்கள் கூடத்து மூலையில் சாய்ந்து நிற்கும் பிளாஸ்டிக் பைப்புகளைப் பார்த்துவிட்டு, "போர் போடறீங்களா?" என்றுதான் கேட்பார்கள். என் மனைவி தயங்காமல், "ஆமாங்க, போட்டுக்கிட்டே இருக்காரு. தண்ணிதான் இன்னும் வரல" என்பாள். வந்தவர் என்னை ஒரு மாதிரிப் பார்ப்பார். நான் பைப்பின் மூடியைத் திருகி, உள்ளேயிருந்து துணிப்பையை உருவி, பையிலிருந்து குச்சியை உருவி, துண்டுகளை ஒன்றில் ஒன்று செருகிக் காட்டுவேன். கூடத்தின் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர்வரை ஒரு தேன்நிறக் கோடு நீளும். "தூண்டிலா?" என்பார் வந்தவர். அவ்வளவுதான் அவருடைய ஆர்வம். டீ வந்துவிடும்.

தூண்டில்தான். ஆனால் நம் ஏரிக்கரைகளில் வெட்டியெடுக்கிற முழு மூங்கில் இல்லை. மூங்கிலைப் பிளந்து, ஆறு பட்டையாகச் சீவி, ஒவ்வொரு பட்டையையும் முக்கோணமாக இழைத்து, ஆறையும் கூட்டி ஒட்டிய குச்சி. அடியில் பென்சில் கனம், நுனியில் ஈர்க்குக் கனம். குறுக்கே வெட்டிப் பார்த்தால் ஆறு முகம். இதில் புழு கோர்ப்பதில்லை. சேவல் இறகை முள்ளில் கட்டிப் பூச்சி மாதிரி செய்து கோர்ப்பது. அந்தப் பூச்சிக்கு எடை கிடையாது, அதனால் அதை எறிய முடியாது. பின்னால் வரும் தடித்த கயிற்றைத்தான் எறிகிறோம். கயிறு காற்றில் பின்னால் போய் நீளும்வரை காத்திருக்க வேண்டும்; மூங்கில் வளைந்து, அது தானாக நிமிரும்போது கயிறு முன்னால் ஓடும். காத்திருக்கும் அந்த ஒரு நொடிக்காகத்தான் நான் இதில் விழுந்தேன் என்று நினைக்கிறேன். உட்கார்ந்த இடத்தில் உட்காராத ஆள் நான். சாப்பிட்டுக்கொண்டே எழுந்து வாசலுக்குப் போய் எட்டிப் பார்த்துவிட்டு வருவேன். பின்னால் நீளும் கயிறு என்னைக் கொஞ்சம் நில் என்கிறது. நிற்கிறேன்.

முதல் குச்சி கிடைத்தது குன்னூரில் ஒரு லாட்ஜில். நாங்கள் செராமிக் பேட்டைப் பக்கம் ஒரு சின்னப் பட்டறை வைத்திருக்கிறோம். கொலு பொம்மை, அகல் விளக்கு, பூந்தொட்டி. பட்டறை அவளுடையது; சரக்கை ஊர் ஊராகக் கொண்டுபோய்ப் போடுவது என்னுடையது. அந்த லாட்ஜில் ரூம் பெருக்குகிற அம்மா ஒட்டடை அடித்துக்கொண்டிருந்த குச்சி என் தலைக்கு மேல் வளைந்து வளைந்து நிமிர்ந்தது. சாதாரணக் கழி அப்படி நிமிராது. நுனியில் பழைய வேட்டித் துணி கட்டியிருந்தார்கள். "இத குடுத்துடறீங்களா, புதுசா ஒட்டடக் குச்சி வாங்கித் தரேன்" என்றேன். அந்த அம்மா, "கிறுக்கா சார் உங்களுக்கு" என்று கேட்டுவிட்டுக் கொடுத்தது. அன்றிலிருந்து மலையேறும்போதெல்லாம் பழைய சாமான் கடைகளில், எஸ்டேட் வீட்டுக் கொல்லைகளில், அவரைப்பந்தல்களில் என் கண் குச்சி தேடும். ஒன்று கிளிக்கூண்டுக்குத் தாங்கலாக இருந்தது. ஒன்றில் கயிறு ஓடும் கல் வளையம் உடைந்திருந்தது. அதற்கு எங்கள் களிமண்ணிலேயே ஒரு வளையம் செய்தாள் என் மனைவி. முதலில் செய்தது வெந்து சுருங்கி மூக்குத்தி அளவாகிப்போனது, இரண்டாவது பொருந்தியது. மலைக் குளிருக்காகச் செய்த குச்சியில் எங்கள் ஊர் மண் ஒரு வெள்ளைப் பல் மாதிரி சிரித்துக்கொண்டிருக்கிறது.

இது இன்னொரு குச்சியைப் பற்றி. இது நான் வாங்கியதில்லை. என்னிடம் விட்டு வைக்கப்பட்டது.

குன்னூரில் எனக்குச் சரக்கு இறக்க ஜீப் ஓட்டுபவர் ஒருவர். என் வயதுதான். அவருடைய அப்பா ஓடை மீன் வளர்க்கும் பண்ணையில் காவலராக இருந்தவர். சீமைக்குத் திரும்பக் கப்பலேறிய வெள்ளைக்கார எஸ்டேட் துரை ஒருவர் தன் தூண்டிலை அப்பாவிடம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். அப்பா அதைச் சாமி மாதிரி வைத்திருந்தார். மகனைத் தொட விட்டதே இல்லை. "சின்ன வயசுல ஒரு நா உறய மட்டும் தொட்டுப் பாத்தேனுங்க. குச்சியக்கூட இல்ல, உறய. முதுகு வீங்கிப் போச்சு" என்பார் ஜீப்காரர். சிரித்துக்கொண்டேதான் சொல்வார். ஆனால் ஒவ்வொரு தடவையும் சொல்வார்.

அப்பா இறந்த வருஷம் ஐப்பசி மழையில் அவர்கள் வீட்டுக் கூரை போனது. அடுத்த தடவை நான் போனபோது பஸ் ஸ்டாண்டில் காத்திருந்தார். அம்மாவின் பழைய சேலையில் சுற்றிய குச்சியை இரண்டு கையிலும் ஏந்திக் கொடுத்தார்.

"எங்க வூட்ல எல்லாம் ஈரம் சார். இது அழுவிப் போயிரும். உங்க ஊரு காஞ்ச ஊரு. உங்ககிட்ட இருக்கட்டும். ஈரம் மட்டும் படாம பாத்துக்குங்க."

"எப்ப வேணும்னாலும் வந்து எடுத்துக்குங்க."

"எடுத்துக்க இல்லீங்க. மாசி மகத்துக்கு அப்பாவுக்குத் தர்ப்பணம் குடுக்க உங்க ஊரு ஆத்துக்கு வரணும்னு அம்மா வேண்டியிருக்குது. அன்னிக்கி ஒரே ஒரு தடவ இத வீசிப் பாத்துட்டுப் போறேன். தொட்டதே இல்லல்ல."

அதைச் சொல்லும்போது மட்டும் அவர் சிரிக்கவில்லை.

ஈரம் படாமல் என்ற அந்தச் சொல்லைத்தான் வீட்டுக்கு வந்ததும் என் மனைவியிடம் சொன்னேன். ஜீப்காரர் கதையையும் சொன்னேன். குச்சியை எப்படிப் பார்த்துக்கொள்வது என்று வேறெதுவும் சொல்லவில்லை. தை மாசம், யாரும் எதிர்பார்க்காத நாளில், ஒரு மழை பிடித்துக்கொண்டது. நான் சேலத்தில் இருந்தேன். வீட்டு மூலையில் ஓடு ஒழுகி, சரியாக மூடாத பைப்புக்குள் தண்ணீர் இறங்கியிருக்கிறது. இவள் பையை உருவிப் பார்த்தால் பிழிந்தால் சொட்டுகிற ஈரம். எங்கள் வீட்டில் எது நனைந்தாலும் போகிற இடம் ஒன்றுதான். குழந்தைகளின் ஸ்கூல் ஷூ, உப்புப் பை, ஊறுகாய்க்கு வெட்டிய மாங்காய், நனைந்த செல்போன், எல்லாம் பட்டறைச் சூளைமேல் காயும். தீயை அணைத்து ஆறவிட்ட சூளையின் தலையில் இன்னும் சுடாத பச்சைப் பொம்மைகள் வரிசையாக உட்கார்ந்திருக்கும். அந்த வரிசைக்குப் பக்கத்தில் குச்சியின் மூன்று துண்டுகளையும் அவள் படுக்க வைத்தாள். வைக்கும் முன் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். கை தாங்குகிற சூடு. அவள் கைக்குச் சூளையின் சூடு பொய் சொன்னதே இல்லை.

நான் ஊர் திரும்பியபோது பட்டறையில் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். மடியில் செய்தித்தாள் விரித்திருந்தது. அதன்மேல் நடுத்துண்டும் நுனித்துண்டும் ஒன்றும் ஆகாமல் கிடந்தன. அடித்துண்டு மட்டும், கட்டு அவிழ்ந்த விளக்குமாறு மாதிரி, ஆறு பட்டையாக விரிந்து கிடந்தது.

நான் குனிந்து பட்டைகளை ஒவ்வொன்றாக எண்ணினேன். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

"திட்டித் தொலைங்களேன்."

"என்னான்னு திட்டறது. ஈரம் படக்கூடாதுன்னு நான்தான சொன்னேன்."

"கை வெச்சுப் பாத்துட்டுதாங்க வெச்சேன்."

"தெரியும்."

"பொம்ம ஒண்ணுகூட விரியல. இது மட்டும் ஏன் விரிஞ்சுது?"

பசை. பழைய குச்சிகளை ஒட்டிய பசை சூடு தாங்காது. எனக்குத் தெரிந்த இந்த ஒரு விஷயம் அவளுக்குத் தெரியாது, ஏனென்றால் தூண்டிலைப் பற்றி நான் பேச ஆரம்பித்தாலே அவள் எழுந்துபோய்விடுவாள், ஏனென்றால் நான் நிறுத்தமாட்டேன்.

மாசி மகம் வந்துகொண்டிருந்தது. என்னிடம் அதே நீளத்தில், அதே நிறத்தில் இன்னொரு குச்சி இருந்தது. ஒட்டடை அடித்த குச்சி. அதன் அடித்துண்டு, துண்டுகளை இணைக்கும் இதன் உலோகப் பூணில் கச்சிதமாகப் பொருந்தியது. செருகிக் காட்டினேன். "அவருக்கு எங்க தெரியப் போவுது. தொட்டதே இல்லையே அவரு" என்றேன்.

அவள் அதை வாங்கி, ஒரு தடவை பார்த்து, கழற்றி என் கையில் திருப்பிக் கொடுத்துவிட்டு, விரிந்து கிடந்த அடித்துண்டைத் தொட்டாள். "அவருக்குத் தெரியாது. அவங்கப்பா கைபட்ட எடம் இதுதான. இதத்தான புடிச்சிக்கிட்டு நிக்க வராரு."

அடித்துண்டில்தான் கைப்பிடி இருந்தது. தக்கைக் கைப்பிடியில் ஒரு கட்டைவிரல் அளவுக்குப் பள்ளம் விழுந்திருந்தது. இத்தனை நாள் வைத்திருந்தும் அதை நான் குச்சியின் வயசு என்று நினைத்திருந்தேன். அது ஒரு ஆளின் கட்டைவிரல்.

மறுநாள் பட்டைகளை வெந்நீரில் போட்டுப் பழைய பசையைக் கழுவினோம். கழுவக் கழுவ என் மனைவி ஒரு பட்டையை மட்டும் தனியாக எடுத்து வைத்தாள். பொம்மைக்குக் கண் எழுதுகிறவள், நிறத்தில் ஒரு நூல் வித்தியாசம் இருந்தால் பிடித்துவிடுவாள். "இது இந்தக் கூட்டத்துல பொறந்தது இல்லங்க" என்றாள். வெயிலுக்குக் கொண்டுபோய்ப் பார்த்தேன். ஐந்து பட்டைகளில் இழைத்த தடம் கண்ணாடி மாதிரி ஓடியது. ஆறாவது பட்டையின் உள்பக்கம் முழுக்கக் கத்திக் கீறல். கணு வரக்கூடாத இடத்தில் கணு. மூங்கிலே வேறு; மலையோரத்தில் முளைக்கிற ஏதோ ஒரு மூங்கில். வெளிப்பக்கம் சாயம் பூசி, வார்னிஷ் அடித்து, நூல் சுற்றி, யாருக்கும் தெரியாமல் மறைத்திருந்தது. குச்சி பொறுக்குவதையே வேலையாக வைத்திருக்கும் என் கண்ணுக்கும் தெரியாமல்.

"அப்ப இது முன்னாடியே ஒடஞ்சிருக்குது" என்றாள்.

"ஒடஞ்சிருக்குது. யாரோ ஒரு பட்டைய மாத்தி ஒட்டியிருக்காங்க. அதான் இந்தத் துண்டு மட்டும் விட்டுக்கிச்சு. மத்த ரெண்டும் கம்பெனியில ஒட்டுனது."

"யாரோ என்ன யாரோ. சாமி மாதிரி வெச்சிருந்தாருன்னா, அந்த வூட்ல வேற யாரு ஒடச்சிருப்பாங்க?"

அவள் முகத்தில் நான் சேலத்திலிருந்து வந்த நாளாகக் காணாத ஒரு சிரிப்பு வந்தது. எனக்கும் வந்தது. முகம் தெரியாத ஒரு மனிதர், கத்தியும் கையுமாக, வீட்டில் யாரும் இல்லாத நேரம் பார்த்து ஒரு மூங்கிலைச் சீவிக்கொண்டிருப்பதை மனசுக்குள் பார்த்து.

எதில் ஒட்டுவது என்பதில் எங்களுக்குள் கொஞ்சம் சண்டை. இரண்டு ட்யூபைக் கலந்து ஒட்டும் பசை பட்டறையிலேயே இருந்தது, ஒட்டினால் இந்த ஜென்மத்துக்கும் விடாது. அவள், "அவரு எதுல ஒட்டுனாரோ அதுலயே ஒட்டுங்க. நாளைக்கு இன்னொருத்தர் பிரிக்க வேணாமா?" என்றாள். கழுவிய தண்ணீரை மோந்து பார்த்தேன். வச்சிரம். தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுக்கிற ஆசாரிப் பசை. தேர் வேலைக்கு வந்திருந்த ஆசாரி ஒருவரிடம் வெல்லக்கட்டி மாதிரி ஒரு துண்டு வாங்கி வந்தேன். ஊறவைத்து, வெந்நீர்ச் சட்டிக்குள் இன்னொரு சட்டி வைத்து உருக்கினோம். அந்த நாற்றத்தை எப்படிச் சொல்வது. செத்த மாடு வாய்திறந்து கொட்டாவி விட்ட மாதிரி. பக்கத்துப் பட்டறையிலிருந்து ஒருவர் எட்டிப் பார்த்து, "என்னாங்க, பொம்மைக்கு உசுரு வந்து அழுவிப் போச்சா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

ஆறு பட்டைகளையும் நான் கூட்டிப் பிடித்தேன். அவள் நூலைக் குறுக்காகவும் மறுகுறுக்காகவும் இழுத்துச் சுற்றினாள். பசை ஆறுவதற்குள் முடிக்க வேண்டும், குச்சி முறுக்கிக்கொள்ளக் கூடாது, கை நடுங்கக் கூடாது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நாங்கள் இருவரும் ஒரே பொருளை இவ்வளவு நேரம் சேர்ந்து பிடித்துக்கொண்டு நின்றதில்லை. காய்ந்த பிறகு பார்த்தால் லேசாக ஒரு வளைவு இடது பக்கம் நின்றுவிட்டது. சூடு காட்டி நிமிர்த்தலாம் என்றேன். அவள் பார்த்த பார்வையில் அந்தப் பேச்சை விட்டுவிட்டேன். வார்னிஷ் அடிக்கும்போது அந்த ஆறாவது பட்டைக்குச் சாயம் பூச வேண்டாம் என்றாள். பூசவில்லை.

மாசி மகத்தன்று ஊரே மணிமுத்தாற்றில் இருந்தது. ஜீப்காரர் விடியற்காலை பஸ்ஸில் வந்து, ஆற்றில் முங்கி, எள்ளும் தண்ணீரும் விட்டுவிட்டு, ஈரத் தலையும் நெற்றி நிறையத் திருநீறுமாகப் பட்டறைக்கு வந்தார். குனிந்து உள்ளே நுழைந்தவர் அப்படியே நின்றார். மூக்கை உறிஞ்சினார்.

"என்னாங்க இது வாசன?"

நானும் அவளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். வச்சிரச் சட்டியைக் கழுவி மூலையில் கவிழ்த்திருந்தோம். அந்த நாற்றம் கழுவினால் போகிறதில்லை.

"இது எங்க வூட்ல வந்துச்சுங்க. நான் அஞ்சாவதோ ஆறாவதோ படிக்கறப்ப. ஒரு நா ஸ்கூலு விட்டு வந்தா அப்பா அடுப்பாங்கரைக் கதவ உள்ளாற தாப்பாப் போட்டுக்கிட்டு இருக்காரு. இதே நாத்தம். அம்மா வெளிய ஒக்காந்து, உங்கப்பன் ஆட்டுக்கால் சூப்பு வெக்கறாரு, நமக்குத் தெரியாம திங்கப் போறாருன்னு திட்டுது. கடைசி வரைக்கும் சூப்பு வரல."

என் மனைவி முன்னால் வந்தாள். டீக்கூடக் கொடுக்கவில்லை.

"அண்ணே, மொதல்ல ஒண்ணு சொல்லிடறேன். உங்கப்பா குச்சி நனஞ்சு போச்சுன்னு நான்தான் சூளைமேல காய வெச்சேன். அடித்துண்டு பசவிட்டு விரிஞ்சிடுச்சு. மறுபடி ஒட்டியிருக்கோம். கொஞ்சம் கோணிடுச்சு. இவரு மேல தப்பு இல்ல."

அவர் கைகளை வேட்டியில் துடைத்துக்கொண்டார். நான் அடித்துண்டை நீட்டினேன். அவர் அதை வாங்குவதற்குள் அவர் தோள் ஒரு தடவை உள்ளே இழுத்துக்கொண்டது. முதுகு வீங்கிய அந்தப் பையன் இன்னும் உள்ளே எங்கோ இருந்தான். பிறகு வாங்கினார். கட்டைவிரல் தானாகப் போய் அந்தப் பள்ளத்தில் உட்கார்ந்தது.

"இந்தப் பட்ட மட்டும் ஏன் வேற கலரா இருக்குது?"

"அது நாங்க போட்டது இல்லண்ணே. பிரிச்சப்பவே உள்ளாற இருந்துச்சு. கத்தியால சீவி வெச்சிருக்கு. முன்னாடியே ஒரு தடவ ஒடஞ்சு, யாரோ மாத்தியிருக்காங்க. வச்சிரத்துல ஒட்டி. இந்த நாத்தம் அந்த வச்சிரம்தான்."

அவர் கணுவை நகத்தால் தடவினார். அவர் தோள் குலுங்க ஆரம்பித்தது. அழுகிறார் என்று நினைத்து என் மனைவி ஒரு அடி முன்னால் வைத்தாள். அவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

"திருட்டு மனுசன். நான் உறயத் தொட்டதுக்கு அந்த அடி அடிச்சுட்டு, இவரே ஒடச்சிருக்காரு பாருங்க. சூப்பு வெச்சிருக்காரு சூப்பு." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அம்மாகிட்ட இத இன்னிக்கே சொல்லணும். இத்தன வருசமா அது ஆட்டுக்கால மறக்கல."

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு மூவரும் சேத்தியாத்தோப்புக்குப் போனோம். என் ஸ்கூட்டரில் அவர் பின்னால் பைப்பைக் கட்டிப்பிடித்து உட்கார்ந்துகொண்டார். இவள் தன் வண்டியில் வந்தாள். பட்டறையை விட்டு வரமாட்டாள், அன்று வந்தாள். வெள்ளாற்றில் அணைக்கட்டுக்குக் கீழே, தண்ணீர் நுரை அடங்கி விரியும் இடத்தில், புழுத் தூண்டில்காரர்கள் இருவர் எப்போதும் போல உட்கார்ந்திருந்தார்கள். என்னை அவர்களுக்குத் தெரியும்.

"வந்துட்டாருய்யா, மீனுக்குக் காத்து ஊதறவரு. இன்னிக்கி துணைக்கு ஆளு வேறயா? சார், நீங்களாவது புழு கொண்டாந்தீங்களா?"

"இல்லீங்க" என்றார் ஜீப்காரர் பணிவாக.

"அப்ப பாவம் அந்த மீனு. வெறும் எறகத் தின்னுட்டு என்னா பண்ணும்."

முதல் வீச்சில் கயிறு அவர் காதையே சுற்றிக்கொண்டது. இரண்டாவதில் பூச்சி வேட்டியில் மாட்டியது. புழுக்காரர்கள் தங்கள் தக்கைகளை மறந்துவிட்டுத் திரும்பி உட்கார்ந்துவிட்டார்கள். "அவசரப்படாதீங்க. கயிறு பின்னாடி போய் முழுசா நீளட்டும். அதுவரைக்கும் சும்மா நில்லுங்க" என்றேன். உட்கார்ந்த இடத்தில் உட்காராத ஆளா இப்படிச் சொல்கிறது என்று என் மனைவி என்னைப் பார்த்தாள்.

அவர் கால்களை அகட்டி நின்றார். குச்சியைத் தூக்கினார். கயிறு எழுந்து, அவர் தலைக்குப் பின்னால் போய், மாலை வெயிலில் மெதுவாக அவிழ்ந்து, நீண்டது. அவர் நின்றார். அந்த ஒரு நொடியில் ஐந்து சீமைப் பட்டைகளும் ஒரு மலைப் பட்டையும் சேர்ந்து வளைந்ததை நான் பார்த்தேன். பிறகு நிமிர்ந்தன. கயிறு அவரைத் தாண்டி, தண்ணீருக்கு மேல் வழுக்கிப் போய், பூச்சி கொஞ்சம் இடப்பக்கமாகச் சத்தமில்லாமல் இறங்கியது.

"கோணலா போவுதே" என்றாள் என் மனைவி மெல்ல.

"அப்பாவும் அப்பிடித்தாங்க. நேரா ஒரு நாளும் நடந்ததில்ல" என்றார் அவர், திரும்பாமல்.

ஒரு தடவை என்று வந்தவர் வெயில் மஞ்சளாகும்வரை வீசினார். கடைசியில் ஒரு ஜிலேபிக் கெண்டை, உள்ளங்கை அகலம், பூச்சியைக் கவ்வியது. குச்சி அடிவரை வளைந்தபோது என் மனைவி என் முழங்கையை இறுக்கிப் பிடித்தாள். ஒட்டு தாங்கியது. அவர் மீனைக் கையில் வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் தண்ணீரில் விட்டார்.

"கொழம்புக்கு ஆவுறத விடறாரு பாரு" என்றார் புழுக்காரர் மனசொடிந்து. "எங்ககிட்ட குடுத்திருக்கலாமில்ல."

திரும்பி வந்து குச்சியைத் துடைத்துப் பையில் போட்டு நீட்டினேன். "எடுத்துக்கிட்டுப் போங்க. இது உங்களோடது."

"அங்க இன்னும் கூர போடலீங்க. இங்கயே இருக்கட்டும். அடுத்த மாசிக்கும் வருவேன்ல." என் மனைவியைப் பார்த்தார். "சூளைக்கு மட்டும் காட்டாதம்மா."

"காட்ட மாட்டேண்ணே. பூஜ ரூம்ல வெச்சிடறேன்."

"அங்கயும் வேணாம். வெளக்கு இருக்கும்."

பஸ்ஸுக்குக் கிளம்பும்போது வாசலில் தயங்கி நின்றார். வச்சிரம் மிச்சம் இருக்கிறதா என்று கேட்டார். அம்மாவுக்குக் காட்ட வேண்டுமாம். நம்ப வேண்டுமே. அவள் உள்ளே போய், மிச்சமிருந்த கட்டியை, பொம்மை பொதியும் செய்தித்தாளில் மூன்று மடிப்பாகச் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்தாள். அவர் அதை மூக்கருகே ஒரு தடவை கொண்டுபோய்விட்டுச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"பஸ்ஸுல பக்கத்து சீட்டுக்காரன் எறங்கிடப் போறான்ணே" என்றாள்.

"எறங்கட்டும்மா. நான் ஜன்னலோரம் ஒக்காந்துக்கறேன். போயிட்டு வரேன்."